குளத்தில் இறங்குமுன்: திறந்த நீர்நிலைகளில் பாதுகாப்பான நீச்சலும் பொழுதுபோக்கும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
(விஞ்ஞான பாடத்துடன் தொடர்புறும் பகுதிகளும் சேர்க்கப்பட்டுள்ளன)

இப்பாடத்தைக் கற்பதனால் நீங்கள் பெறும் தேர்ச்சிகள்

1. நீச்சல் தடாகத்துக்கும் திறந்த நீர்நிலைக்கும் இடையிலான வேறுபாடுகளை விளக்குவீர்கள்.
2. குளமொன்றின் அபாயமான பகுதிகளை இனங்காண்பீர்கள்.
3. மிதத்தல், அமுக்கம், ஒளிமுறிவு ஆகிய எண்ணக்கருக்களை நீர்ப் பாதுகாப்புடன் தொடர்புபடுத்துவீர்கள்.
4. மூழ்கும் ஒருவரை இனங்கண்டு, நீரில் குதிக்காமலே அவரைக் காப்பாற்றும் முறைகளைக் கூறுவீர்கள்.
5. நீரிலிருந்து மீட்கப்பட்டவருக்கு அளிக்க வேண்டிய முதலுதவியை ஒழுங்குமுறைப்படி எழுதுவீர்கள்.

அறிமுகம்

மாணவர்களே, பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதி முடித்த அன்று பின்னேரம் நண்பர்கள் கூடி எங்கே போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடற்கரைக்கு அல்லது ஊருக்கு அருகிலுள்ள குளத்துக்குப் போவார்கள். அவ்வாறு போவது தவறன்று. நீச்சல் உடலின் பெரும்பாலான தசைகளுக்கு வேலை கொடுக்கும் சிறந்த உடற்பயிற்சி. மன அழுத்தத்தைக் குறைக்கும் பொழுதுபோக்குமாகும். ஆனால் நீரில் மூழ்கி மாணவர் இறந்ததாக நாம் பத்திரிகைகளில் வாசிக்கும் செய்திகள் பலவும் இப்படியான ஒரு மகிழ்ச்சியான பின்னேரத்திலேயே தொடங்குகின்றன. ஒருவர் மூழ்க, அவரைக் காப்பாற்றக் குதித்த நண்பரும் மூழ்கினார் என்பது அச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியமாகும். அந்த இரண்டாவது மரணம் முற்றாகத் தவிர்க்கக்கூடியது. அதை எவ்வாறு தவிர்ப்பது என்பதே இப்பாடத்தின் மையப் பொருளாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இது மணித்தியாலத்துக்கு 30 பேருக்கு மேலாகும். 5 – 14 வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்கான முதன்மைக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் உள்ளது. இதன் பாரதூரத்தைக் கருதியே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் யூலை 25ஆம் திகதியை உலக நீரில் மூழ்குதல் தடுப்புத் தினமாகப் பிரகடனப்படுத்தியது.

1. திறந்த நீர்நிலை என்றால் என்ன?

சுவர்களாலும் அடையாளமிட்ட ஆழத்தாலும் கட்டுப்படுத்தப்படாத, இயற்கையான அல்லது நீர்ப்பாசனத்துக்காக அமைக்கப்பட்ட நீர்ப்பரப்புகள் திறந்த நீர்நிலைகள் எனப்படும். குளம், வாவி, களப்பு, ஆறு, கடல் என்பன இவற்றுள் அடங்கும். நீச்சல் தடாகத்திலிருந்து இவை பின்வருமாறு வேறுபடுகின்றன.

ஆழம்: தடாகத்தில் ஆழம் எழுதப்பட்டிருக்கும், படிப்படியாகவே கூடும். குளத்தில் இடுப்பளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் ஒரு குழிக்குள் இறங்கக்கூடும்.

தெளிவு: தடாகத்தில் அடித்தளம் தெரியும். குளத்து நீர் கலங்கலாக இருப்பதனால் மூழ்கியவர் ஒரு மீற்றர் ஆழத்தில் கிடந்தாலும் தெரியமாட்டார்.

ஓட்டம்: தடாகத்து நீர் அசையாதது. குளத்து நீர் அசையாதது போலத் தோன்றினாலும் துருசு, வான் என்பவற்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

பிடிமானம்: தடாகத்தில் களைப்படைந்தவர் சில மீற்றரில் விளிம்பைப் பிடிக்கலாம். குளத்தில் அதே விளிம்பு நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கக்கூடும்.

கண்காணிப்பு: தடாகத்தில் உயிர்காப்பாளர் ஒருவர் இருப்பார். குளத்தில் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.

ஆகவே, தடாகத்தில் 50 மீற்றர் நீந்தக்கூடிய ஒருவர் குளத்திலும் 50 மீற்றர் நீந்துவார் என எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. குளத்தை வாசித்தல்

நகரை அண்டிய குளத்துக்கு எடுத்துக்காட்டாக இரணைமடுக்குளத்தைக் கொள்வோம். கிளிநொச்சி நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்டுள்ள இது வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்ப்பாசனக் குளமாகும். நெற்செய்கைக்காக அமைக்கப்பட்டதாயினும், மாலை வேளைகளில் அணைக்கட்டில் காற்று வாங்கவும் நீராடவும் மக்கள் அங்கு வருவது வழக்கம். வவுனியா, அநுராதபுரம், மட்டக்களப்பு போன்ற நகரங்களை அண்டிய குளங்களுக்கும் பின்வரும் விளக்கங்கள் பொருந்தும்.

(அ) அணைக்கட்டு: அலைகள் மண்ணை அரிக்காதவாறு அணையின் உட்புறத்தில் கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். இக்கற்களில் பாசி படிந்திருக்கும். வழுக்கி விழுபவரின் தலை கல்லில் அடிபட்டால் அவர் நீந்தத் தெரிந்தும் மூழ்குவார். மேலும், குளத்தின் ஆழமான பகுதி பொதுவாக அணையை அண்டியே அமைந்திருக்கும்.

(ஆ) துருசு: வயல்களுக்கு நீர் விடும் வாயில் துருசு எனப்படும். அது திறந்திருக்கும்போது மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. அடியில் நீர் விசையுடன் உறிஞ்சப்படும். குளத்தில் நீராடுவதற்கு எக்காலத்திலும் ஒவ்வாத இடம் இதுவேயாகும். துருசிலிருந்து நீர் வெளியேறி விழும் வாய்க்கால் தொட்டியும் இவ்வாறே அபாயமானது.

(இ) வான்: மேலதிக நீர் வெளியேறும் பகுதி வான் எனப்படும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் குளம் நிரம்பி வான் பாயும். பெரிய குளங்களில் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழ்ப்பகுதியில் நீர்மட்டம் விரைவாக உயரும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டமை உங்களுட் பலருக்கு வீட்டார் கூறித் தெரிந்திருக்கும். வான் பாய்வதைப் பார்க்கச் செல்வோர் தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். ஓடும் நீர் உடலில் ஏற்படுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

(ஈ) மேற்கரை: அணைக்கு எதிர்ப்புறம் சரிவு குறைவாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். ஆனால் இங்கு சேறு, தாமரைக் கொடி, ஆற்றுவாழை, மண் அகழ்ந்த குழிகள் என்பன காணப்படலாம். கோடையில் வெறும் நிலமாகக் கிடந்தபோது தோண்டப்பட்ட குழி மாரியில் நீரால் மூடப்பட்டுவிடும். சென்ற ஆண்டு பாதுகாப்பாக இருந்த இடம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

(உ) உயிரினங்கள்: உலர் வலயக் குளங்களில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. அதிகாலை, அந்தி, இரவு வேளைகளில் நீரில் இறங்கலாகாது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எவ்வேளையிலும் இறங்கலாகாது.

(ஊ) நோய்கள்: எலி முதலிய விலங்குகளின் சிறுநீரால் மாசடைந்த நீரின் மூலம் எலிக்காய்ச்சல் பரவும். கிருமி, தோலிலுள்ள காயங்கள் ஊடாகவும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வுகள் ஊடாகவும் உட்புகும். காயத்துடன் நீராடுவதையும், வெள்ளத்தின் பின் தேங்கிய நீரில் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும். அதன் பின்னர் காய்ச்சலும் தசைநோவும் ஏற்பட்டால், நீரில் இறங்கிய செய்தியை வைத்தியரிடம் மறவாமல் கூற வேண்டும்.

குளத்தைப் பற்றிய சிறந்த தகவல் அங்கு நாளாந்தம் நீரில் இறங்கும் மீனவரிடமும் கமக்காரரிடமும் உண்டு. "ஐயா, எந்தப் பக்கம் குளிக்கலாம்? துருசு திறந்திருக்கிறதா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

3. விஞ்ஞானம் தரும் எச்சரிக்கை

விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற மூன்று தத்துவங்கள் இங்கு உயிர் காக்கும் அறிவாகின்றன.

3.1 ஒளிமுறிவு – ஆழம் குறைவாகத் தோன்றுதல்

நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 4/3 ஆகும். மேலிருந்து நேராகப் பார்க்கும்போது,
தோற்ற ஆழம் = உண்மை ஆழம் ÷ முறிவுச் சுட்டி

உண்மை ஆழம் 2 மீற்றர் எனின், தோற்ற ஆழம் 2 ÷ 4/3 = 1.5 மீற்றர் ஆகும்.

1.6 மீற்றர் உயரமுள்ள மாணவன் தெளிந்த நீரைப் பார்த்து, "கழுத்தளவுதான்" என்று எண்ணி இறங்குகிறான். உண்மையில் நீர் அவனது தலைக்கு மேல் 40 சென்ரிமீற்றர் உள்ளது. சரிவாகப் பார்க்கும்போது ஆழம் இதனிலும் குறைவாகத் தோன்றும். ஆகவே ஆழத்தைக் கண்ணால் அளக்கலாகாது; நீண்ட தடியால் அளக்க வேண்டும்.

கலங்கல் நீரில் அடித்தளமே தெரியாது. அங்கு தலைகீழாகப் பாய்வது இன்னொரு வகையில் அபாயமானது. மறைந்திருக்கும் கல்லில் அல்லது மரக்குற்றியில் தலை மோதினால் கழுத்து முள்ளந்தண்டு முறிந்து கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். தெரியாத நீரில் முதலில் கால்களே இறங்க வேண்டும். அதுவும் மெதுவாக நடந்து இறங்க வேண்டும்.

3.2 நீர் அமுக்கம் – துருசின் பிடி

நீரின் அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்

4 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் = 4 × 1000 × 10 = 40,000 பஸ்கால்

துருசின் வாய் 0.5 மீற்றர் நீளமும் 0.5 மீற்றர் அகலமும் உடையது எனக் கொள்வோம். அதன் பரப்பளவு 0.25 சதுர மீற்றர். அவ்வாயை ஒருவரது உடல் அடைத்து, மறுபுறம் வெறுமையாக இருப்பின், அவரை அழுத்தும் விசை 40,000 × 0.25 = 10,000 நியூற்றன் ஆகும்.

இது 1000 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமம். எத்துணைப் பலசாலியாயினும் தம்மை விடுவித்துக்கொள்ள முடியாது. நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்தாலும் பயனில்லை. துருசுக்கு அருகில் நீந்தலாகாது என்ற விதிக்குக் காரணம் இதுவே.

3.3 மிதத்தல் – கையை உயர்த்தினால் ஏன் தாழ்கிறோம்?

ஆக்கிமிடீசின் தத்துவப்படி, நீரில் அமிழ்ந்துள்ள பொருளின் மீது அப்பொருளால் இடம்பெயர்க்கப்பட்ட நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்புத் தொழிற்படும்.

50 கிலோகிராம் திணிவுடைய மாணவி ஒருத்தி நுரையீரல் நிறையக் காற்றை எடுத்தபோது அவளது உடலின் கனவளவு 51 லீற்றர் எனக் கொள்வோம். முழுவதும் அமிழ்ந்தால் இடம்பெயரும் நீரின் திணிவு 51 கிலோகிராம். எனவே மிதக்கும்போது அவளது உடலில் ஒரு லீற்றர் கனவளவு மட்டுமே நீருக்கு மேல் இருக்கும். அது முகத்தை நீருக்கு வெளியே வைத்திருக்க மட்டுமட்டாகப் போதும்.

மனிதனின் இரு கைகளும் சேர்ந்து உடல் திணிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆகும். அதாவது இம்மாணவிக்கு 5 கிலோகிராம். அவள் பயந்து இரு கைகளையும் மேலே உயர்த்திக் கத்தினால், அக்கைகளைத் தாங்கிய மேலுதைப்பு இல்லாமற் போகிறது; கத்தும்போது நுரையீரல் காற்றும் வெளியேறுகிறது. விளைவு, முகம் நீருக்குள் போகிறது.

எனவே நீரில் அந்தரப்படும்போது செய்ய வேண்டியது:
• மல்லாந்து படுத்தல். காதுகள் நீருக்குள் இருக்க, நாடியை உயர்த்துதல்.
• கைகளை நீருக்குள் பக்கவாட்டில் விரித்து மெதுவாக அசைத்தல்.
• நெஞ்சு நிறைய மூச்செடுத்துச் சிறிது நேரம் வைத்திருந்து, விரைவாக வெளிவிட்டு மீண்டும் எடுத்தல்.
• மூச்சு ஒழுங்குபட்ட பின்னரே உதவி கேட்டல் அல்லது கரையை நோக்கி மெதுவாக நகர்தல்.

கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு ஏற்பட்டாலும் முதலில் மிதக்க வேண்டும். பின் கால்விரல்களை உடலை நோக்கி இழுத்துத் தசையை நீட்ட வேண்டும். கொடிகளில் கால் சிக்கினால் உதைத்தலாகாது. உதைக்க உதைக்க அவை மேலும் இறுகும். மிதந்தபடி கைகளால் மெதுவாக அவற்றைக் கழற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும்.

4. மூழ்குபவரை இனங்காணல்

திரைப்படங்களில் மூழ்குபவர் கையை அசைத்து, "காப்பாற்றுங்கள்" என்று கூவுவார். உண்மை அவ்வாறன்று. அமெரிக்க உயிர்காப்பாளரான பிராங்க் பியா மூழ்குவோரை அவதானித்து விளக்கிய அறிகுறிகள் இன்று உலகெங்கும் உயிர்காப்பாளருக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவையாவன:

• சத்தமின்மை: வாய் நீருக்கு மேல் வரும் கணநேரம் மூச்செடுக்கவே போதாது; கத்த இயலாது.
• கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். அசைத்து உதவி கேட்க இயலாது.
• உடல் நிலைக்குத்தாக இருக்கும், கால்கள் உதைப்பதில்லை.
• தலை பின்னோக்கிச் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும்.
• கூப்பிட்டால் பதில் வராது.

இந்நிலையில் ஒருவர் மேற்பரப்பில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 20 தொடக்கம் 60 செக்கன்கள் மாத்திரமே. ஆகவே "விளையாடுகிறான்" என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நண்பர் திடீரென அமைதியானால், "என்ன, சரியா?" என்று கேளுங்கள். பதில் இல்லையெனின் அவர் மூழ்குகிறார் என்றே கொள்ள வேண்டும்.

5. குதிக்காமல் காப்பாற்றுதல்

மூழ்குபவர் தம்மை அறியாமலே அருகில் கிடைப்பதைப் பற்றிப் பிடித்து அதன்மேல் ஏற முயல்வார். அருகில் கிடைப்பது நீங்களாயின் உங்களையே நீருள் அமிழ்த்துவார். அவர் உங்கள் உயிர் நண்பராயினும் இவ்வாறே நிகழும். பயிற்றப்பட்ட உயிர்காப்பாளர்கூட மிதக்கும் பொருளொன்றுடனேயே மூழ்குபவரை அணுகுவதற்கு இதுவே காரணம். ஆகவே பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுக.

படி 1 – கூவுதல்: பெரியோரை உதவிக்கு அழைத்தல். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அல்லது 119 பொலிஸ் அவசர சேவைக்குத் தொலைபேசி எடுத்தல். இன்னொருவர் மூழ்குபவரிலிருந்து கண்ணை எடுக்காது, அவர் இருக்கும் இடத்தைக் கையால் காட்டிக்கொண்டு நிற்றல்.

படி 2 – நீட்டுதல்: கரைக்கு அண்மையில் இருப்பின் தடி, மரக்கிளை, துடுப்பு, சாரம், சேலை என்பவற்றில் ஒன்றை நீட்டுதல். நீட்டுபவர் தரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் அவரது கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 3 – எறிதல்: தூரத்தில் இருப்பின் மிதக்கும் பொருளை எறிதல். காற்றடைத்த ரியூப், மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்ரிக் கான், பெரிய வெற்றுப் போத்தல்கள் என்பன பயன்படும். 5 லீற்றர் கான் முழுவதும் அமிழ்ந்தால் 5 கிலோகிராம் நீரை இடம்பெயர்க்கும். மேலே கணித்த 1 கிலோகிராமுடன் இதனை ஒப்பிடுக. ஒருவரது தலையை நீருக்கு மேல் வைத்திருக்க இது போதுமானது. கயிறு ஒன்றைக் கட்டி எறிந்தால் கரைக்கு இழுக்கவும் முடியும்.

படி 4 – படகில் செல்லுதல்: அருகில் வள்ளம் இருப்பின், அதைச் செலுத்தத் தெரிந்த பெரியவர் உயிர்காப்பு அங்கியுடன் செல்லுதல். மூழ்குபவரை வள்ளத்தின் பின்புறமாக ஏற்றுதல். பக்கவாட்டில் ஏற்றினால் வள்ளம் கவிழும்.

நீந்திச் சென்று மீட்பது பயிற்றப்பட்டவருக்கு மட்டுமே உரியது. "நீந்தத் தெரியும்" என்பதும் "மீட்கத் தெரியும்" என்பதும் ஒன்றல்ல. கரையில் நிற்பது கோழைத்தனமன்று. கரையில் நின்று கானை எறிந்தவனே நண்பனை மீட்கிறான். வெறுங்கையுடன் குதித்தவனைத் தேட இன்னொருவர் வேண்டியிருக்கும்.

6. முதலுதவி

மூளைக்கு ஒட்சிசன் கிடைக்காதவிடத்துச் சில நிமிடங்களுள் நிரந்தரப் பாதிப்பு ஏற்படத் தொடங்கும். எனவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வரை காத்திராமல் கரையிலேயே முதலுதவி தொடங்கப்பட வேண்டும்.

1. மட்டமான தரையில் மல்லாக்கக் கிடத்துக. தட்டிக் கூப்பிட்டுப் பதில் உண்டா எனப் பார்க்க.
2. தலையைப் பின்னே சாய்த்து நாடியை உயர்த்திச் சுவாசப் பாதையைத் திறக்க. 10 செக்கன்களுக்கு மேற்படாமல் சுவாசத்தை அவதானிக்க.
3. வழமையான சுவாசம் இருப்பின் பக்கவாட்டில் மீட்பு நிலையில் கிடத்தி, சூடு பேணி, தொடர்ந்து அவதானிக்க.
4. சுவாசம் இல்லையெனின், பயிற்சி பெற்றவர் மீட்பு மூச்சுடன் தொடங்குவார். ஐரோப்பிய வழிகாட்டலில் இது 5 மூச்சுகள். அமெரிக்க வழிகாட்டலில் 2 மூச்சுகள். நீரில் மூழ்கியவரின் பிரச்சினை ஒட்சிசன் குறைவு என்பதால் மூச்சு முதலிடம் பெறுகிறது.
5. அதன்பின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 – 120 என்ற வேகத்தில், வளர்ந்தவருக்கு 5 – 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துக. 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சுகள் என்ற விகிதத்தில் உதவி வரும்வரை தொடர்க. மூச்சுக் கொடுக்கப் பயிற்சி இல்லாதவர் நெஞ்சழுத்தத்தை மட்டுமாவது நிறுத்தாமல் செய்ய வேண்டும்.
6. தேறிவிட்டாலும் வைத்தியசாலைக்கு அனுப்புக. நுரையீரலில் ஏற்பட்ட பாதிப்புச் சில மணி நேரம் கழித்து வெளிப்படலாம்.

செய்யக் கூடாதவை: வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலுதல், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுதல். இவை விலைமதிப்பற்ற நேரத்தை வீணாக்குவதுடன், இரைப்பையிலுள்ளவற்றைச் சுவாசப் பாதைக்குள் தள்ளவும் கூடும்.

7. ஏனைய நீர்நிலைகள்

மட்டக்களப்பு வாவி: கடலுடன் தொடர்புடைய களப்பாகும். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறக்கும்போது நீர் கடலை நோக்கி விசையுடன் பாயும். முதலைகளும் உண்டு. மீனவர் காட்டும் இடம் தவிர்ந்த ஏனைய இடங்களில் இறங்கலாகாது.

கண்டி வாவி: கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. இது நீராடும் இடமன்று. கரையோரமாக நடந்து பார்த்து மகிழ்வதற்குரியது.

நுவரெலியா கிரெகரி வாவி: 1873இல் அமைக்கப்பட்டது. படகுச் சவாரிக்குப் பெயர்பெற்றது. மலைநாட்டு நீர் குளிரானது. நீர் வளியைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்தும். குளிர் நீரில் திடீரென விழுபவர் தம்மை மீறி மூச்சை உள்ளிழுப்பார். அம்மூச்சுடன் நீரும் உட்செல்லக்கூடும். எனவே படகில் ஏறுமுன் உயிர்காப்பு அங்கியை அணிந்து பட்டிகளைப் பூட்ட வேண்டும். அங்கியை மடியில் வைத்திருப்பது அணியாததற்குச் சமம்.

8. நெடுந்தூர நீச்சல் வீரர் கற்பிப்பது

பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி (1954). வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை இரு வழியும் நீந்திக் கடந்தார். இத்தகைய நீச்சல்களில் வீரரைப் பின்தொடர்ந்து படகும் அவதானிப்போரும் செல்வர். அவ்வாறிருந்தும் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். நம் மண்ணின் மிகச் சிறந்த நீச்சல் வீரரின் வாழ்வு இரண்டு பாடங்களைத் தருகிறது. பயிற்சியால் மனிதன் கடலையும் கடக்கலாம். ஆனால் திறந்த நீர் எவருக்கும் முற்றாகக் கட்டுப்பட்டதன்று. அவரே துணைப் படகின்றி இறங்காதபோது, நாம் துணையின்றி இறங்கலாமா?

9. இறங்குமுன் கேட்க வேண்டிய ஏழு வினாக்கள்

1. நான் இங்கு வந்திருப்பது வீட்டாருக்குத் தெரியுமா?
2. இங்கு நீராட அனுமதி உண்டா? எச்சரிக்கைப் பலகை உண்டா?
3. ஊரவரிடம் விசாரித்தோமா? துருசும் வானும் எங்கே?
4. ஆழத்தைத் தடியால் அளந்தோமா?
5. கரையில் நின்று கவனிப்பவர் யார்? அவரிடம் கயிறும் கானும் உண்டா?
6. வானிலை எப்படி? இடி கேட்டால் உடனே வெளியேறுவோமா?
7. எங்களுள் எவராவது மது அருந்தியோ, களைத்தோ, நோயுற்றோ உள்ளனரா?

ஒரு வினாவுக்காவது திருப்தியான விடை இல்லையெனின் அன்று கரையில் இருந்து கதைத்துவிட்டு வருவதே சரி. குளம் நாளையும் அங்கேயே இருக்கும்.

மாதிரி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. உண்மை ஆழம் 2.4 மீற்றர் உள்ள தெளிந்த நீரை மேலிருந்து நேராகப் பார்க்கும்போது தோற்ற ஆழம்
(1) 1.2 மீற்றர் (2) 1.8 மீற்றர் (3) 2.4 மீற்றர் (4) 3.2 மீற்றர்

2. மூழ்கும் ஒருவரிடம் பொதுவாகக் காணப்படும் அறிகுறி
(1) கையசைத்து அழைத்தல் (2) உரத்துக் கத்துதல் (3) சத்தமின்றி நிலைக்குத்தாக இருத்தல் (4) மல்லாந்து மிதத்தல்

3. நீரிலிருந்து மீட்கப்பட்டவருக்குச் செய்யக் கூடாதது
(1) சுவாசத்தை அவதானித்தல் (2) வயிற்றை அழுத்துதல் (3) மீட்பு மூச்சு அளித்தல் (4) வைத்தியசாலைக்கு அனுப்புதல்

பகுதி 2 – சம்பவக் கற்கை

பரீட்சை முடிந்த நாளில் நான்கு நண்பர்கள் வீட்டில் சொல்லாமல் குளத்துக்குச் சென்றனர். மூவர் நீரில் இறங்கினர். நீந்தத் தெரியாத ஒருவன் கரையில் இருந்தான். சிறிது நேரத்தில் நீரிலிருந்த ஒருவன் அமைதியானான். ஏனைய இருவரும் அவன் பகிடி விடுவதாக எண்ணினர். பின் ஒருவன் அவனை நோக்கி நீந்தத் தொடங்கினான். கரையில் ஒரு மோட்டார் சைக்கிளும், அதில் கட்டியிருந்த கயிறும், வெற்றுக் கானும் இருந்தன.

(அ) இவர்கள் இறங்குமுன் விட்ட தவறுகள் இரண்டு தருக.
(ஆ) நீந்தத் தொடங்கியவன் எதிர்நோக்கும் அபாயம் யாது?
(இ) கரையில் இருந்தவன் செய்யக்கூடியவற்றை ஒழுங்காக எழுதுக.

விடைக் குறிப்புகள்

பகுதி 1: 1 – (2), 2 – (3), 3 – (2)

பகுதி 2: (அ) வீட்டாருக்கு அறிவிக்காமை, கரையில் மீட்புப் பொருட்களுடன் கவனிப்பவரை நியமிக்காமை. (ஆழத்தை அளக்காமை, ஊரவரிடம் விசாரிக்காமை என்பனவும் ஏற்கத்தக்கன.)
(ஆ) மூழ்குபவன் பற்றிப் பிடித்து அவனையும் அமிழ்த்துதல், இருவரும் மூழ்குதல்.
(இ) உரத்துக் கூவி ஆட்களை அழைத்தல், நீந்துபவனைத் திரும்பும்படி கூறுதல், கானின் மூடியை இறுக்கிக் கயிற்றைக் கட்டி மூழ்குபவனுக்கு எறிதல், அவன் பிடித்ததும் தரையில் படுத்துக்கொண்டு இழுத்தல், 1990க்கு அறிவித்தல், கரைசேர்ந்ததும் சுவாசத்தை அவதானித்து முதலுதவி அளித்தல்.

பரீட்சைக் குறிப்பு: (இ) வினாவுக்குப் பலர் "நீரில் குதித்துக் காப்பாற்றுவான்" என எழுதக்கூடும். அவ்விடைக்குப் புள்ளி கிடைக்காது. நான்கு பேரில் உண்மையாகக் காப்பாற்றக்கூடியவன் நீந்தத் தெரியாத அந்த ஒருவனே என்பதைக் கவனியுங்கள். இவ்வினா வினாத்தாளில் வராமற் போகலாம். உங்கள் வாழ்வில் ஒருநாள் வரக்கூடும். அன்று விடையளிக்க ஒரு நிமிடமே கிடைக்கும். எனவே இன்றே கற்று வைத்துக்கொள்ளுங்கள்.